ஆமைக்கு வழி சொன்ன பெண்கள்

முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில் எங்கள் ஊர்க் கடைத்தெரு மாடியில் இயங்கிய கணினி மையம் ஒன்றில் சேர்ந்தேன். 'சி' மொழி, மூன்று மாதப் படிப்பு. எந்த நிரலையும் எழுதுவதற்கு முன் ஃப்ளோ சார்ட் வரைந்து காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. எனக்கு அது கைவரவில்லை. இரண்டு வரி எழுதுவேன், ஓட்டிப் பார்ப்பேன், திரையில் வருவதைப் பார்த்து மூன்றாவது வரியை எழுதுவேன். கவிதையும் எனக்கு அப்படித்தான் வரும். நிரல் சரியாக ஓடிய பிறகு அதைப் பார்த்து ஃப்ளோ சார்ட்டை வரைந்துகொள்வேன். முன்பே யோசித்து வரைந்ததுபோலத் தெரிவதற்காகச் சில பெட்டிகளை அழித்துத் திருத்தியும் வைப்பேன்.

ஒருநாள் பயிற்றுநர் கண்டுபிடித்துவிட்டார். "தமிழ் படிக்கிற பொண்ணுக்கு லாஜிக் எதுக்கும்மா, டைப்பிங் கத்துக்கோ, உதவும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதனால் நானும் நம்பினேன். தட்டச்சு கற்றேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டை நானே தட்டச்சிட அது உதவியது. நிரல் எழுதுவதை அத்தோடு விட்டுவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, பெண்ணியத் திறனாய்வு தொடர்பாக வாசித்துக்கொண்டிருந்தபோது, 1990இல் அமெரிக்கப் பெண்ணிய ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஒரு கட்டுரை கைக்கு வந்தது. எழுதியவர்கள் ஷெர்ரி டர்க்கிளும் சீமோர் பேப்பர்ட்டும். அறிதலின் வழிகள் பல என்பதைக் கணினிப் பண்பாட்டை வைத்துப் பேசும் கட்டுரை அது. அதில் லிசா என்று அழைக்கப்படும் மாணவி ஒருத்தி வருகிறாள். பதினெட்டு வயது. ஹார்வர்டில் முதலாண்டு. கவிதை எழுதுபவள். ஒரு சொல்லைத் தொட்டு அடுத்த சொல்லுக்கு நகர்வதுபோல நிரலையும் எழுத விரும்புகிறாள். வகுப்பு அதை ஏற்கவில்லை. முதலில் முழுத் திட்டம் வேண்டும், பிறகு அதைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியையும் மூடிய பெட்டிபோல எழுதிவிட்டு உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டும். அதுதான் சரியான முறை என்று அவளுக்குச் சொல்லப்படுகிறது. லிசா கொஞ்ச காலம் போராடுகிறாள். பிறகு, அவர்களுக்கு வேண்டிய ஆளாகத் தன்னை மாற்றிக்கொள்கிறாள். கணினியோடு அவளுக்கு ஏற்பட்டிருந்த நெருக்கம் அங்கே முடிந்துபோகிறது.

அந்தப் பக்கங்களைப் படித்தபோது என் பழைய ஃப்ளோ சார்ட்டுகள் நினைவுக்கு வந்தன. சிரிப்பும் வந்தது, அடுத்ததாகக் கோபமும் வந்தது.

டர்க்கிளும் பேப்பர்ட்டும் இரண்டு முறைகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒன்று, திட்டமிட்டு மேலிருந்து கீழே வருவது. மற்றது, கையில் இருப்பதை வைத்து, அதோடு பேசிப் பேசி, வடிவத்தைக் கண்டடைவது. இரண்டாவதைக் குறிக்க மானிடவியலாளர் லெவி-ஸ்ட்ராஸின் 'பிரிகோலாஜ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். கூடையில் என்ன காய் இருக்கிறது என்று பார்த்துவிட்டு என்ன குழம்பு என்று முடிவுசெய்கிறவரின் முறை அது. இந்த முறையை விரும்பியவர்களில் பெண்கள் அதிகம் என்று அவர்கள் சொன்னாலும், இதைப் பெண்மூளையின் இயல்பு என்று நான் வாசிக்கவில்லை. அப்படி வாசிப்பது நம்மைப் பழைய கூண்டுக்குள்ளேயே கொண்டுபோய் விடும். ஆண்களிலும் பலர் இப்படித்தான் நிரல் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதினால் அது மேதைமையின் விளையாட்டு என்று பெயர் பெறுகிறது, நாங்கள் எழுதினால் லாஜிக் இல்லை என்று பெயர் பெறுகிறது. எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி வேறு. ஒரு கருவியை வடிவமைப்பவர், அதன் முன் உட்காரப்போகிறவர் யார் என்று கற்பனை செய்கிறார்? அந்த ஆளுக்கு என்னென்ன அனுமதி தருகிறார்?

படைப்புக்கான, மனிதரை மையத்தில் வைக்கும் நிரல் கருவிகள் என்று இன்று கொண்டாடப்படுபவை அரை நூற்றாண்டுக்கு மேலான தொடர்ச்சி உள்ளவை. இந்தக் கேள்வியோடு அந்தத் தொடர்ச்சியைப் பின்தொடர்ந்தால் திரும்பத் திரும்பப் பெண்கள் எதிர்ப்படுகிறார்கள். அவர்கள் செய்த வேலைக்குக் குழந்தைகளோடு விளையாடுவது, கற்றுக்கொடுப்பது, கையேடு எழுதுவது என்று பெயர்கள் இருந்தன. பின்னாளில் வடிவமைப்புத் தத்துவம் என்று பெயர் பெற்றது அந்த வேலைதான்.

*

1967ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் என்ற ஆய்வு நிறுவனத்தில், குழந்தைகளுக்காகவே ஒரு நிரல்மொழி உருவாகிறது. வாலி ஃபர்சிக், சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், டேனியல் பாப்ரோ ஆகியோர் அதில் ஈடுபட்டவர்கள். சொல் என்று பொருள்படும் கிரேக்க வார்த்தையிலிருந்து அதற்கு 'லோகோ' என்று ஃபர்சிக் பெயர் வைத்தார். அன்றைய நிரல்மொழிகள் பெரும்பாலும் எண்களுக்கானவை. லோகோ சொற்களையும் வாக்கியங்களையும் கையாளும் மொழியாகத் தொடங்கியது.

லோகோ என்றதும் பேப்பர்ட்டின் பெயர் முதலில் வரும். 1980இல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற அவருடைய நூலின் புகழ் அப்படி. சிந்தியா சாலமனின் பெயர் பட்டியலில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும், சில இடங்களில் வராமலே போகும். அவர் கல்லூரியில் படித்தது வரலாறு. எம்.ஐ.டி.யில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் மார்வின் மின்ஸ்கியிடம் செயலாளராக வேலைக்குச் சேர்ந்து, அங்கேதான் லிஸ்ப் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டார். இலக்கியமும் வரலாறும் படிக்கிற என் மாணவிகளிடம் இந்தத் தகவலை நான் தவறாமல் சொல்வேன். கணினி வரலாற்றின் முக்கியமான மொழி ஒன்றை உருவாக்கியவர்களில் ஒருவர், வரலாறு படித்துவிட்டுத் தட்டச்சு மேசைக்கு அனுப்பப்பட்ட பெண்.

1968–69இல் லெக்சிங்டன் நகரின் நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு லோகோ சோதிக்கப்பட்டது. அங்கே திரை கிடையாது. காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப் இயந்திரம்தான் இருந்தது. பிள்ளைகள் தட்டச்சிடுவது தொலைபேசிக் கம்பி வழியாகத் தொலைவில் இருந்த கணினிக்குப் போய், விடை அச்சாகித் திரும்பும். அந்த வகுப்பறையில் நின்று, எந்தச் சொல் பிள்ளைக்குப் புரிகிறது, எங்கே முகம் வாடுகிறது, எங்கே இருக்கையை விட்டு எழுந்து குதிக்கிறது என்று பார்க்காமல் அப்படியொரு மொழியைச் செம்மைப்படுத்த முடியாது.

லோகோவின் இரண்டு பழக்கங்களைச் சொன்னால் இதன் வடிவமைப்பு எண்ணம் விளங்கும். பிள்ளை ஒரு புதிய செயலை எழுதும்போது கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறாள். சதுரம் போடுவது எப்படி என்று சொல்லித் தருகிறாள், அதன்பிறகு 'சதுரம்' அந்த மொழியிலேயே ஒரு சொல்லாகிவிடுகிறது. மொழியைப் பயன்படுத்துபவளே அதன் அகராதியை வளர்க்கிறாள். இரண்டாவது, கணினிக்குத் தெரியாத சொல்லை அவள் தட்டச்சிட்டால், "இதை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியாது" என்ற பொருளில் அது விடை தரும். தவறு, பிழை, செல்லாது என்று குற்றம் சாட்டுவதில்லை. தெரியாமையைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறது. தெரியாதென்றால் கற்றுக்கொடுக்கலாம் என்று பிள்ளைக்குத் தோன்றும். ஒரு வாக்கியத்தின் எழுவாய் மாறும்போது இருவருக்கிடையே உள்ள அதிகாரமும் மாறிவிடுகிறது. வகுப்பறையில் "உனக்குப் புரியலையா?" என்று கேட்பதற்கும் "நான் சரியாச் சொல்லலையோ?" என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பேப்பர்ட் தன் நூலில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதுகிறார். பள்ளியில் சொல்லித்தந்த இலக்கணம் எதற்காக என்றே அவளுக்குத் தெரியாது. கணினியைக் கொண்டு கவிதை போன்ற வாக்கியங்களை உருவாக்க லோகோவில் முயல்கிறாள். சொற்களைக் கலைத்துப் போட்டால் உளறலாக வருகிறது. அப்போதுதான் சொற்களை வகைப்படுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எதற்கு இருக்கின்றன என்று அவளே கண்டுகொண்டு துள்ளுகிறாள். இருபது ஆண்டுகளாக இலக்கணம் கற்பிக்கிறவள் நான். மாணவிகள் நன்னூல் சூத்திரத்தை ஒப்பித்துவிட்டு முகத்தைச் சுளிப்பதைப் பார்த்தவள். அந்தச் சிறுமிக்குக் கிடைத்த கணம் என் வகுப்பில் எத்தனை பேருக்கு வாய்த்தது என்று கேட்டுக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது.

1970 வாக்கில் லோகோவுக்கு ஆமை வந்து சேர்ந்தது. தரையில் ஊர்ந்து, வயிற்றில் செருகிய பேனாவால் கோடு போடும் ஒரு சிறு இயந்திரம். முன்னால் நூறு அடி வை, வலப்பக்கம் தொண்ணூறு பாகை திரும்பு என்று சொன்னால் செய்யும். பிற்பாடு அது திரைக்குள்ளும் புகுந்தது. வட்டம் போடுவது எப்படி என்று பிள்ளை கேட்டால், ஆசிரியர் சூத்திரம் சொல்லத் தேவையில்லை. "நீயே வட்டமாக நடந்து பார், உன் கால் என்ன செய்கிறது?" என்று கேட்டால் போதும். கொஞ்சம் நடக்கிறேன், கொஞ்சம் திரும்புகிறேன், மறுபடி கொஞ்சம் நடக்கிறேன். அதுவே நிரல். உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்ததை அறிவு என்று ஒத்துக்கொண்ட கருவி அது. உடம்பைத் தாழ்த்தி அறிவை உயர்த்திய மரபை எதிர்த்து இவ்வளவு காலம் எழுதிவரும் நமக்கு இது சின்ன விஷயம் இல்லை.

*

ஆமை பிறந்த சில ஆண்டுகளில் எம்.ஐ.டி.யின் லோகோ ஆய்வகத்தில் ரேடியா பெர்ல்மன் என்ற இளம் மாணவி வேலை செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளும் ஆமையை நடத்த முடியுமா என்பது அவருடைய கேள்வி. விசைப்பலகையை எடுத்துவிட்டு ஒரு பொத்தான் பெட்டி செய்தார். முன்னால், பின்னால், இடம், வலம் என்று பொத்தான்கள். அடுத்து, வண்ண அட்டைகளை வரிசையாகச் செருகும் பெட்டி ஒன்று. ஒவ்வொரு அட்டையும் ஒரு கட்டளை, ஒவ்வொரு வரிசையும் ஒரு நிரல். ஒரு வரிசை இன்னொரு வரிசையை அழைக்கவும் முடியும். 'டோர்ட்டிஸ்' என்ற பெயரில் 1974இல் இது பற்றிய ஆய்வறிக்கை வெளிவந்தது. கையில் எடுத்து, செருகி, பிடுங்கி நிரல் எழுதும் கருவிகளுக்கு இன்று தனி ஆய்வுத்துறையே இருக்கிறது. அந்தத் துறை பெர்ல்மனின் அட்டைப் பெட்டியைத் தன் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது.

ஆனால் அவர் அந்த வேலையைத் தொடரவில்லை. ஏன் விட்டார் என்று பின்னர் அவரே சொல்லியிருக்கிறார். சுற்றிலும் ஆண்கள், தான் ஒருத்திதான் பெண். தன்னை ஒரு விஞ்ஞானியாக எல்லாரும் மதிக்க வேண்டும் என்று நினைத்தார். தன் ஆய்வில் அழகழகான சின்னக் குழந்தைகள் இருந்தது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த வரலாற்றில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடம் இந்தக் கூச்சம்தான். அதே ஆய்வகத்தில் ஆண்கள் குழந்தைகளோடு வேலை செய்தால் அது கல்விப் புரட்சி. ஒரு பெண் செய்தால் அவள் குழந்தை பார்த்துக்கொள்கிறவளாகத் தெரிவாளோ என்ற பயம். அவளை யாரும் வெளியேற்றவில்லை. அவளே எழுந்து போகும்படி அறையின் காற்று இருந்தது. கணினி மையத்திலிருந்து நான் இறங்கிவந்த படிக்கட்டும் அப்படிப்பட்டதுதான்.

பெர்ல்மன் கணினி வலையமைப்புத் துறைக்குப் போனார். 1985இல் 'ஸ்பேனிங் ட்ரீ' என்ற நெறிமுறையை உருவாக்கினார். கணினிகளை இணைக்கும் வலையமைப்பில் செய்திகள் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்காமல் வழி கண்டு போவதற்கு உதவுவது அது. அந்த ஆய்வுக் கட்டுரையின் சுருக்கமாக மரத்தைப் பற்றிய ஒரு சிறு கவிதையை எழுதி வைத்தார் என்பது கவிதை எழுதுகிற எனக்கு இரட்டை மகிழ்ச்சி. இணையத்தின் தாய் என்று பத்திரிகைகள் அவரை அழைத்தன. அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்காது. வலையமைப்புத் துறைக்கு லாபம், சந்தேகமில்லை. மழலைகளுக்கான நிரல் கருவிகள் எத்தனை ஆண்டுகளை இழந்தன என்ற கணக்கை யாரும் போடவில்லை.

*

அதே 1974இல், தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியோடு தொடர்புடைய மூவர் ஒரு சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். கட்டுரையின் பொருள், வரிசை இலக்கணங்களும் கோலமும். வாக்கியங்களைப் பிறப்பிக்கும் விதிகளைக் கணிதமாக எழுதுவது அப்போது வளர்ந்துவந்த துறை. அந்த விதிகளை இருபரிமாணப் படங்களுக்கு விரித்தபோது, வாசற்கோலத்தை எடுத்துக்காட்டாக்கினார்கள். இந்தியாவில் கோட்பாட்டுக் கணினியியலின் முன்னோடி என்று மதிக்கப்படுபவர் ராணி சிரோமணி. அவருடைய மாணவியான கமலா கிருத்திவாசன் பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தார். கோலத்துக்கு இலக்கணம் உண்டு என்ற வாக்கியம் நமக்கு உவமையாகத் தோன்றலாம். அவர்களுக்கு அது நிரூபிக்கக்கூடிய கணிதம். பிற்காலத்தில் இத்தகைய இலக்கணங்களை ஆராய்ந்த வெளிநாட்டுக் கணினியியலாளர்கள், கம்பிக்கோலங்களை லோகோ ஆமையின் நடையாக எழுதி வரைந்து காட்டினார்கள்.

எனக்குக் கோலம் சொல்லித்தந்தது என் அத்தை. "நேரா வா. புள்ளியைச் சுத்து. இப்பத் திரும்பு. கோட்டைத் தாண்டிப் போ. கையை எடுக்காதே." ஆமைக்குச் சொல்லும் கட்டளைகள் அவை. அத்தை முதலில் புள்ளிகளை எண்ணி வைப்பார், அது திட்டம். கம்பியை இழுக்கும்போது கை போகும் போக்கில் ஒரு வளைவை மாற்றுவார், அது கண்டடைதல். திட்டமா, கையின் போக்கா என்று அவர் தேர்வு செய்ததில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வாசலிலிருந்து ஆய்விதழுக்குக் கோலம் போனது. ஆய்விதழிலிருந்து ஒரு கருவியாக அது வாசலுக்குத் திரும்பவில்லை. இது அந்த ஆய்வாளர்களின் குறை இல்லை. அவர்கள் அந்தக் கட்டுரையை எழுதிய காலத்தில் கணினி யாருடைய வீட்டுக்கும் வரக்கூடிய பொருளாக இல்லை. ஆனால் கணினி வீட்டுக்கு வந்தபிறகும், கோலமிடுபவளை நிரலாளராகக் கற்பனை செய்தவர்கள் குறைவு. அவளுடைய அறிவு எடுத்துக்காட்டாக நின்றுவிட்டது.

*

பயன்படுத்துபவளே கருவி செய்கிறவளாகவும் இருக்கலாம் என்று நம்பிய ஓர் இடம் கலிஃபோர்னியாவில் இருந்தது. பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையம் அது. 1973இல் அங்கே சேர்ந்த அடெல் கோல்ட்பர்க், ஆலன் கேயோடு சேர்ந்து 'ஸ்மால்டாக்' என்ற மொழியை வளர்த்தார். 1977இல் இருவரும் எழுதிய கட்டுரையில் ஒரு சிறுமி வருகிறாள். அதற்கு முன் நிரலே எழுதாதவள். சுட்டும் கருவி ஒன்று இருந்தால் அதைக்கொண்டு திரையில் வரைய முடிய வேண்டுமே என்று தோன்றி, ஆய்வாளர்கள் செய்து வைத்திருந்த வரைகருவியைப் பார்க்காமலேயே, தனக்கென ஒன்றைச் செய்துகொள்கிறாள். தூரிகைகளைத் தேர்ந்தெடுக்கப் பட்டியல் சேர்க்கிறாள். பிறகு தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவளே ஸ்மால்டாக் வகுப்பு எடுக்கிறாள்.

1979 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் குழுவினர் அங்கே வந்தார்கள். மையத்தின் வேலையை அவர்களுக்குக் காட்டக்கூடாது என்று கோல்ட்பர்க் கடுமையாக எதிர்த்தார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த பிறகே சம்மதித்தார். கணினி வரலாற்றைச் சொல்கிறவர்கள் இதைச் சுவாரசியமான கிளைக்கதையாகச் சொல்வார்கள். பிடிவாதக்காரப் பெண், தொலைநோக்குள்ள ஆண். ஆனால் அங்கிருந்து உலகத்துக்குப் பரவியது எது என்று பாருங்கள். திரைச் சாளரங்கள், சுட்டி, பட்டியல் என்ற தோற்றம் பரவியது. அந்தச் சிறுமி தனக்கான கருவியைத் தானே செய்துகொண்டாளே, அந்த உரிமை பரவவில்லை. நம் கைக்கு வந்த கணினிகள் அழகாக இருந்தன, ஆனால் திறந்து மாற்ற முடியாதவையாக இருந்தன. மனிதரை மையத்தில் வைப்பது என்ற சொல் அதன்பிறகு, மனிதருக்கு வேலை வைக்காமல் இருப்பது என்று சுருங்கிப்போனது. வாடிக்கையாளருக்கு அது போதும். எழுத்தாளருக்குப் போதாது.

*

திறந்து மாற்றலாம் என்ற எண்ணம் கலைஞர்களின் பக்கமிருந்து மறுபடி வந்தது. எம்.ஐ.டி. பதிப்பகத்தின் நூல்களை வடிவமைத்த மியூரியல் கூப்பர், 1970களில் 'விசிபிள் லாங்வேஜ் வொர்க்‌ஷாப்' என்ற பட்டறையை அங்கே இணைந்து தொடங்கினார். எழுத்தும் படமும் கணினியும் ஒரே மேசையில் கலந்த இடம் அது. 1994இல் அவர் இறந்தார். பிறகு எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் அந்த வழியைத் தொடர்ந்தவர் ஜான் மேடா. நூறுக்கு நூறு புள்ளிகள் கொண்ட ஒரு சிறு சதுரத்துக்குள் வரையும் எளிய நிரல்மொழி ஒன்றை 1999இல் நூலாக வெளியிட்டார். அவருடைய மாணவர்கள் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் 'ப்ராசெஸிங்' என்ற கருவியைத் தொடங்கினார்கள். அதில் எழுதும் நிரலுக்கு நிரல் என்று பெயரில்லை, 'ஸ்கெட்ச்' என்று பெயர். கோட்டோவியம். எழுதிய உடனே ஓட்டிப் பார்க்கலாம், ஓடுவதைப் பார்த்து மாற்றலாம். நான் திருட்டுத்தனமாகச் செய்தது அங்கே கருவியின் இயல்பான பழக்கமாகிவிட்டது.

2013இல் லாரன் லீ மெக்கார்த்தி என்ற கலைஞர் இதை இணைய உலாவியில் இயங்கும்படி 'பி5.ஜேஎஸ்' என்ற பெயரில் புதிதாக எழுதத் தொடங்கினார். அவர் முன்னெடுத்த கேள்வி, இங்கே இன்னும் யார் வரவில்லை என்பது. பாலினம், இனம், மொழி, உடல்திறன், நிரல் அனுபவம் எதுவானாலும் இந்த இடம் உங்களுக்கானது என்று அந்தச் சமூகம் எழுதி வைத்துக்கொண்டது. எழுதி வைப்பது எளிது. அதைக் கருவிக்குள் கொண்டுபோனார்கள் என்பதுதான் முக்கியம். நிரலில் தவறு நேர்ந்தால், எங்கே என்ன நடந்திருக்கலாம் என்று பேச்சுமொழியில் சொல்லும் பிழைச்செய்திகளைச் சேர்த்தார்கள். திரையைப் பார்க்க முடியாதவர்களுக்காக, வரைந்ததைச் சொற்களில் விவரிக்க ஒரு கட்டளையைச் சேர்த்தார்கள். 2019இல், அணுகலை விரிவாக்கும் அம்சங்களை மட்டுமே இனிப் புதிதாகச் சேர்ப்பது என்று முடிவுசெய்தார்கள். கணினி உலகில் புதுமை என்றால் வேகம், எண்ணிக்கை, திறன். இன்னொருவர் உள்ளே வர வழி இல்லையென்றால் அது புதுமை இல்லை என்று இவர்கள் சொன்னார்கள்.

இன்னொன்றையும் செய்தார்கள். கையேடு எழுதியவர், மொழிபெயர்த்தவர், கற்பித்தவர், சந்தேகம் தீர்த்தவர் எல்லாரையும், நிரல் எழுதியவர்களோடு ஒரே பட்டியலில், பங்களித்தவர்களாகப் பெயர் சொன்னார்கள். சிந்தியா சாலமனையும் ரேடியா பெர்ல்மனையும் நினைத்துக்கொண்டு அந்தப் பட்டியலைப் பார்த்தேன். குழந்தைகளோடு இருப்பது கூச்சமில்லை, அதுவே வேலை என்று யாராவது 1974இல் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

*

கல்லூரியில் முதுகலைத் தமிழ் மாணவிகளோடு பி5.ஜேஎஸ்ஸை முயன்று பார்த்தேன். பாடத்திட்டத்தில் இல்லாதது, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு மணி நேரம். எட்டுப் பேர் வந்தார்கள். அதில் மூன்று பேரிடம்தான் மடிக்கணினி இருந்தது. மற்றவர்கள் கைப்பேசியில், ஒரு விரலால், அடைப்புக்குறியைத் தேடித் தேடித் தட்டினார்கள். மனிதரை மையத்தில் வைத்த கருவியும் அந்த மனிதரை மேசையோடும் ஆங்கிலத்தோடும்தான் கற்பனை செய்திருக்கிறது என்பது அப்போது கண்ணெதிரே தெரிந்தது. பி5.ஜேஎஸ்ஸின் விளக்கப் பக்கங்கள் ஸ்பானியம், சீனம், கொரியம், இந்தி ஆகிய மொழிகளில் வந்திருக்கின்றன. தமிழை யாராவது செய்வார்கள் என்று காத்திருப்பவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். காத்திருந்ததற்கு என்னிடம் சரியான காரணம் இல்லை.

மொழி ஒரு தடையே இல்லை என்று கணினியின் தொடக்ககாலத்திலேயே காட்டியவரும் ஒரு பெண். 1950களின் நடுவில் கிரேஸ் ஹாப்பர், குறியீடுகளுக்குப் பதிலாக ஆங்கிலச் சொற்களில் கணினிக்குக் கட்டளையிடலாம் என்று தன் நிறுவனத்துக்குச் செய்துகாட்டினார். கூடவே அதே நிரலைப் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதிக் காட்டினார். இயந்திரத்துக்கு எல்லாச் சொல்லும் ஒன்றுதான், எந்த மொழியானாலும் மாற்றிக்கொள்ளலாம். நிர்வாகம் மிரண்டுவிட்டது. பென்சில்வேனியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று அவர்கள் நினைத்ததை, 1978இல் ஒரு மாநாட்டு உரையில் ஹாப்பர் சிரிப்போடு நினைவுகூர்ந்தார். ஆங்கிலம் மட்டும் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்ததாம். நிரல் என்றால் ஆங்கிலம் என்ற நம் பழக்கத்துக்குப் பின்னால் இயந்திரத்தின் விதி எதுவும் இல்லை. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியிருக்கிறார். கட்டளைச் சொல்லைத் தமிழாக்குவது ஒரு படி. அதற்கு அடுத்த படி, தவறு நேரும்போது கருவி என்ன தொனியில் பேசுகிறது என்பது. அதை எழுத நிரலாளர் மட்டும் போதாது. மொழியின் மரியாதையும் கோபமும் எந்த விகுதியில் ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்தவர்கள் வேண்டும். அந்த வேலைக்குத் தமிழ் படிக்கிற பெண்ணுக்கு லாஜிக் எதற்கு என்று இனி யாரும் கேட்க முடியாது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒரு மாணவி ஐந்து புள்ளிக் கோலம் ஒன்றை வரைய முயன்றாள். கம்பி ஒரு மூலையில் வளையாமல் நேராக ஓடி, திரைக்கு வெளியே போய்விட்டது. எட்டுப் பேரும் சிரித்தோம். அவள் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து, ஆள்காட்டி விரலைத் தரையை நோக்கி நீட்டியபடி, வகுப்பறைத் தரையில் கோலத்தின் வழியே நடந்தாள். மூலையில் நின்றாள். "இங்கதான் மேம், திரும்ப மறந்துட்டேன்" என்றாள்.

பிறகு தயங்கிக் கேட்டாள். "இதுக்கு முதல்லயே ஃப்ளோ சார்ட் ஏதாச்சும் போட்டுக்கணுமா மேம்?"

"வேணும்னா போட்டுக்கோம்மா" என்றேன். "நான் எப்பவும் கடைசியிலதான் போடுவேன்."